எதிர்ப்புச் சக்தி குறைந்ததால்தான் முடக்குவாதமா?

வாசகர் கேள்வி, 7 அக்டோபர் 2025

மலேசியாவின் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் என் அம்மாவுக்குச் சில மாதங்களாக இரண்டு கைகளிலும் விரல் முட்டிகள் வீங்கியுள்ளன. காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல்களை மடக்க முடிவதில்லை. எங்கள் தாமானில் உடல்நலப் பானம் விற்கும் ஒருவர், எதிர்ப்புச் சக்தி குறைந்துவிட்டதால் உடம்பே உடம்பைத் தின்கிறது என்றும், அதை ஏற்றிவிட்டால் நோய் தானாகப் போய்விடும் என்றும் சொல்லி, மாதம் 180 ரிங்கிட்டுக்கு ஒரு பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். இதில் உண்மை இருக்கிறதா? இந்தப் பக்கத்தில் எழுதும் டீச்சருக்கு முடக்குவாதம் (மூட்டுகளைத் தாக்கும் ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ்) உண்டு என்பதால் அவரிடமே கேட்கிறேன்.

8 அக்டோபர், காலை

பெட்டியைப் பிரிக்காமல் வையுங்கள் தம்பி. திருப்பிக் கொடுக்க வசதியாக இருக்கும்.

உங்கள் அம்மாவுக்கு இருப்பது முடக்குவாதமா என்று இங்கே உட்கார்ந்துகொண்டு நான் சொல்ல முடியாது. ஆனாலும் நீங்கள் எழுதியவற்றில் கவனிக்க வேண்டியவை உள்ளன. வீக்கம் இரு கைகளிலும் இருக்கிறது, சிறிய மூட்டுகளில் இருக்கிறது, காலை விறைப்பு ஒரு மணி நேரத்தைத் தாண்டுகிறது. தேய்மானத்தால் வரும் மூட்டுவலி பெரும்பாலும் வேலை செய்யச் செய்யக் கூடி, ஓய்வெடுத்தால் தணியும்; காலை விறைப்பும் அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடும். அழற்சியால் வரும் வலியோ இரவு முழுவதும் ஓய்வெடுத்த பிறகுதான் உச்சத்தில் இருக்கும்.

விற்பனையாளர் சொன்னதில் பாதி சரி. முடக்குவாதத்தில் உடம்பின் பாதுகாப்பு அமைப்பே உடம்பைத் தாக்குகிறது என்பது உண்மை. அது பலவீனமடைந்ததால் தாக்குகிறது என்பதுதான் பொருந்தவில்லை. தோட்டத்து வாசலில் நிற்கும் ஜாகா (காவலாளி) தூங்கிவிட்டால் திருடன் உள்ளே வருவான். அது எதிர்ப்புச் சக்தி குறைவு. அதே ஜாகா விழித்திருந்து, தடியோடு லயத்துக்குள் புகுந்து, குடியிருப்பவர்களையே அடித்தால் அது வேறு சிக்கல். அவருக்குக் கூடுதலாக மாவுப் பானம் கலக்கிக் கொடுத்தால் அடி இன்னும் பலமாக விழலாம் என்பதைத் தவிர வேறு என்ன நடக்கும்?

மூட்டின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வில் வெள்ளணுக்கள் வந்து குவிகின்றன, சவ்வு தடிக்கிறது, அழற்சியைத் தூண்டும் புரதங்கள் சுரக்கின்றன, தடித்த சவ்வு குருத்தெலும்பின்மேல் படர்ந்து எலும்பின் விளிம்பை அரிக்கத் தொடங்குகிறது. அரிக்கப்பட்ட இடம் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. அதனால்தான் முதல் சில மாதங்கள் விலைமதிப்பற்றவை. அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு ரிங்கிட், அங்கிருந்து நிபுணரிடம் அனுப்பினால் ஐந்து ரிங்கிட். அந்தப் பெட்டியின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

8 அக்டோபர், இரவு

"நீங்கள் மருத்துவரா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே சுண்ணாம்புக்கட்டி விரலிலிருந்து நழுவி விழத் தொடங்கிய நாளிலிருந்து இந்த நோயைப் பற்றி வாசித்து வருகிறேன், அவ்வளவுதான். மருத்துவர் சொன்னதற்கு மாறாக நான் எதையாவது எழுதினால் மருத்துவர் பக்கமே நில்லுங்கள்.

10 அக்டோபர்

ஜாகாவுக்கு யார் சொந்தக்காரர், யார் அந்நியர் என்று எப்படித் தெரிகிறது, பிறகு ஏன் மறக்கிறது என்று கேட்டவருக்கு இது. கேள்வி நல்ல நேரத்தில் வந்திருக்கிறது. இவ்வாண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு இதற்காகவே நான்கு நாள்களுக்கு முன் அறிவிக்கப்பட்டது.

நோய்க்கிருமிகள் எந்த உருவத்தில் வரும் என்பது முன்கூட்டியே தெரியாது என்பதால், உடம்பு தன் டி செல்கள் என்ற வெள்ளணுக்களைக் கண்மூடித்தனமாகப் பல வகையில் உண்டாக்குகிறது. ஒவ்வொரு செல்லின் மேலும் உள்ள கொக்கி வெவ்வேறு வடிவில் அமைகிறது. அவற்றில் சில, நம் சொந்தப் புரதங்களில் மாட்டிக்கொள்ளும் கொக்கிகளாக இருந்தே தீரும். ஆகவே சுயத்தைத் தாக்கக்கூடிய செல்கள் பிறப்பது கோளாறு அல்ல. எல்லோருக்கும் அவை பிறக்கின்றன. பிறந்தவை எப்படி அடக்கப்படுகின்றன என்பதுதான் விஷயம்.

முதல் வடிகட்டல், நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில் நடக்கிறது. இந்த உறுப்பு எதற்கென்றே தெரியாமல் இருந்த காலம் உண்டு. 1961இல் ஜாக் மில்லர் பிறந்த எலிக்குட்டிகளிலிருந்து அதை அகற்றிப் பார்த்த பிறகுதான் அதன் முக்கியத்துவம் புரிந்தது. தைமஸில் உள்ள சில செல்கள், இன்சுலின் உட்பட உடம்பின் வேறு வேறு உறுப்புகளுக்கு உரிய புரதங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாமே தயாரித்துக் காட்டுகின்றன. கணையத்தில் மட்டும் சுரக்க வேண்டிய ஒன்றை நெஞ்சுக்குள் இருக்கும் ஒரு சுரப்பி செய்து காட்டுகிறது என்பதை முதன்முதலில் வாசித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். அவற்றில் இறுகப் பற்றிக்கொள்ளும் டி செல்கள் அங்கேயே அழிக்கப்படுகின்றன. இதை நடத்தும் ஏர் என்ற மரபணு பழுதடைந்த குடும்பங்களில், பாராதைராய்டு, அட்ரினல் என்று பல சுரப்பிகள் சிறு வயதிலேயே தாக்கப்படுகின்றன.

இந்த வடிகட்டலிலும் சில தப்பிவிடும். அவற்றை வெளியே அடக்கி வைப்பவை ஒழுங்குபடுத்தும் டி செல்கள். ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி 1995இல் இவற்றை அடையாளம் காட்டினார். அந்தக் காலத்தில் அடக்கும் செல் என்று பேசுபவரை ஆய்வுலகம் சந்தேகத்தோடு பார்த்தது. அமெரிக்காவில் மேரி பிரன்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெலும், 1940களில் ஓர் ஆய்வுக்கூடத்தில் தற்செயலாகப் பிறந்த செதில்தோல் எலி இனத்தை எடுத்துக்கொண்டு, அதன் ஆண் குட்டிகள் சில வாரங்களில் ஏன் இறக்கின்றன என்று தேடி, 2001இல் எக்ஸ் குரோமோசோமில் ஃபாக்ஸ்பி3 என்ற மரபணுவில் வந்து நின்றார்கள். அதே மரபணு பழுதான ஆண் குழந்தைகளுக்கு நீரிழிவு, தோல் அழற்சி, நில்லாத வயிற்றுப்போக்கு எல்லாம் ஒன்றாக வருகின்றன. ஒழுங்குபடுத்தும் செல்கள் உருவாக அந்த மரபணுவே வேண்டும் என்பது பிறகு தெளிவானது.

பரிசு அறிவிக்கப்பட்டபோது ராம்ஸ்டெல் கைப்பேசிச் சேவையை அணைத்துவிட்டு மலைப்பக்கம் நடந்துகொண்டிருந்தாராம். நம் வீட்டில் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தால்கூட யாராவது ஒருவர் அப்படித்தான் அகப்படமாட்டார்.

11 அக்டோபர்

நேற்று எழுதியதை மீண்டும் வாசித்தபோது, முதல் நாள் நான் சொன்னதோடு அது எங்கோ உரசுவதாகத் தோன்றியது. அடக்கும் செல்கள் இல்லாமல் போவதும் ஒரு குறைவுதானே? பானம் விற்பவர் இதை வாசித்தால், "பார்த்தீர்களா, நான் சொன்ன குறைவு இதுதான்" என்று கேட்கக்கூடும்.

அவர் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: இன்னும் வலுவான உதாரணமும் உண்டு. நம் இரத்தத்தில் சி1கியூ என்ற புரதம் இருக்கிறது. கிருமிகளைக் குறிவைப்பதோடு, இறந்துபோன செல்களின் மிச்சத்தை அப்புறப்படுத்தவும் அது உதவுகிறது. பிறவியிலேயே அது இல்லாதவர்கள் மிக அரிது. ஆனால் அப்படிப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு, உடம்பின் பல உறுப்புகளை உடம்பே தாக்கும் லூபஸ் என்ற நோய் வருகிறது. செல்லின் குப்பை அள்ளப்படாமல் கிடக்க, உள்ளே ஒளிந்திருக்க வேண்டிய மரபுப்பொருள் வெளியே அகப்பட்டு, அதற்கு எதிராக எதிர்ப்பொருள்கள் (ஆன்டிபாடி) உண்டாகின்றன என்பது இதற்குத் தரப்படும் விளக்கம். ஆக, எதிர்ப்பு அமைப்பின் ஒரு பகுதி குறைவதும் மற்றொரு பகுதி எல்லை மீறுவதும் ஒரே உடம்பில் சேர்ந்தே இருக்க முடியும். 'சக்தி' என்று ஒற்றையாக ஏற்றவும் இறக்கவும் ஒரு அளவுகோல் அங்கே இல்லை. எந்தப் பகுதி, எந்தப் புரதம் என்று தெரியாமல் மொத்தமாக ஏற்றித் தருவதாகச் சொல்பவர் எதை ஏற்றுகிறார்? பெட்டியின் பின்பக்கத்தைத் தம்பி படமெடுத்துப் போட்டிருக்கிறார். சர்க்கரையும் பழச்சாற்றுப் பொடியும் முதல் இரண்டு வரிகளில் இருக்கின்றன. குறைந்தபட்சம் ஆபத்தில்லாத மோசடி.

14 அக்டோபர்

ஆபத்துள்ள மோசடிக்கு வருகிறேன். "பாசார் மாலாம் இரவுச் சந்தையில் கிடைக்கும் ஜாமு மூலிகைப் பொடி என் மாமாவுக்கு இரண்டே நாளில் வலியைப் போக்கியது" என்று ஒருவர் எழுதியுள்ளார். இரண்டே நாளில் போக்கியது என்பதுதான் பயப்பட வேண்டிய செய்தி.

என்னோடு வேலை செய்த ஆசிரியை ஒருவர் அப்படி ஒரு பொடியைச் சாப்பிட்டார். நடக்கத் தடுமாறியவர் அந்த வாரமே மாடியேறினார், நாங்களெல்லாம் வியந்தோம். பின்னர் கன்னங்கள் உப்பி முகம் வட்டமாகி, கைத்தோல் மெலிந்து, லேசாக இடித்தாலும் கருநீலம் கண்டது. பொடி விற்றவர் ஊர்ப்பக்கம் வராமல் போகவே அது நின்றது. நின்ற சில நாள்களில் அவர் பள்ளி வாசலிலேயே மயங்கி விழுந்தார். பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்க வேண்டும் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். பதிவில்லாத ஜாமு, மூட்டுவலிப் பொருள்களில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கண்டுபிடிக்கப்படுவதாக நம் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்ப எச்சரிக்கிறது. அப்படியும் அவை மேசைகளில் விற்கின்றன.

ஸ்டீராய்டு கெட்டது என்று நான் சொல்லவில்லை. 1948இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹென்ச் முடக்குவாதத்தால் படுக்கையில் கிடந்த ஒரு பெண்ணுக்குக் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்து நடக்க வைத்தார். கர்ப்ப காலத்திலும் மஞ்சள் காமாலையின்போதும் இந்நோய் தணிவதைக் கவனித்து, உடம்புக்குள்ளேயே ஏதோ ஒரு மருந்து இருக்க வேண்டும் என்று பல ஆண்டுகள் தேடியவர் அவர். 1950இல் நோபல் பரிசு கிடைத்தது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால், அதை உடம்புக்குள் சுரக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையை நிறுத்திவிடும். திடீரென்று மருந்தையும் நிறுத்தினால் இரண்டும் இல்லாத உடம்பு சரிந்துவிடும். மருத்துவர் படிப்படியாகக் குறைப்பது அதனால்தான். பொடியில் எவ்வளவு இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாதபோது எதைப் படிப்படியாகக் குறைப்பது?

பொட்டலத்தில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். பாரம்பரிய மருந்தென்றால் எண்ணின் முடிவில் டி (T) என்ற எழுத்து வரும். எண்ணைச் சும்மா அச்சடித்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள் என்பதால், தேசிய மருந்து ஒழுங்குமுறைப் பிரிவின் இணையப்பக்கத்தில் அந்த எண்ணைத் தட்டிச் சரிபார்ப்பது நல்லது.

17 அக்டோபர்

வேலியில் படர்ந்திருக்கும் பத்தாவாலிக் கொடியைப் பற்றிக் கேட்டவருக்கு: சீந்தில் கொடியின் நெருங்கிய உறவு அது. இனிப்பு நீருக்கென்று (நீரிழிவு) அதன் தண்டை வெட்டி ஊறவைத்துக் குடிப்பவர்கள் எங்கள் வரிசையிலேயே இருக்கிறார்கள். கோவிட் காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று சீந்திலைத் தொடர்ந்து குடித்த சிலருக்குக் கல்லீரல் அழற்சி ஏற்பட்டதை மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவு செய்தார்கள். அதில் தன்னெதிர்ப்பு நோயின், அதாவது உடம்பே உடம்பைத் தாக்கும் நோயின் சாயல் இருந்தது. பாரம்பரிய மருத்துவத்துக்கான இந்திய ஆயுஷ் அமைச்சு அதை மறுத்தது. பத்தாவாலியாலும் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதாகத் தனித்தனிப் பதிவுகள் உண்டு. முடக்குவாதத்துக்குத் தரும் மருந்துகளில் சில கல்லீரலைச் சோதிக்கக்கூடியவை என்பதால் இரண்டையும் சேர்க்க நான் துணியமாட்டேன். வேலிக்கு அழகாகத்தான் இருக்கிறது, இருக்கட்டும்.

19 அக்டோபர்

நாளை தீபாவளி. கத்தரிக்காய், தக்காளி, புளி, இறால் எதுவும் ஆகாது என்று என் நாத்தனார் எனக்குத் தனிச் சமையல் திட்டம் வகுத்திருக்கிறார். எனக்குக் கத்தரிக்காய் ஒன்றும் செய்ததில்லை. மீன் எண்ணெய் வலியைச் சிறிதளவு குறைப்பதாக ஆய்வுகள் உண்டு. முறுக்கைப் பற்றி ஆய்வே இல்லை என்பதால் நான் சுதந்திரமாக இருக்கிறேன். புகைபிடிப்பது மட்டும் வேறு கதை. அதை விருந்துக்குப் பிறகு எழுதுகிறேன்.

23 அக்டோபர்

"இது பரம்பரையா?" என்பது மூன்று பேர் கேட்ட கேள்வி.

என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர். விடியலுக்கு முன்னால் பெரட்டுக்கு (பெயர் கூப்பிடும் இடத்துக்கு) போக வேண்டும். ஆனால் விரல்கள் உளியைச் சுற்றி மூடாது. அடுப்பில் ஒரு குவளைத் தண்ணீரைச் சூடாக்கி, தகர வாளியில் ஊற்றி, இரண்டு கைகளையும் மணிக்கட்டு வரை முக்கிக்கொண்டு, எங்களுக்குச் சோறு கட்ட வேண்டிய வேலைகளை வாயாலேயே ஏவிக்கொண்டிருப்பார். பிற்காலத்தில் அவருடைய விரல்கள் நான்கும் முட்டியிலிருந்து சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்துவிட்டன. உள்ளங்கையை மேசைமேல் வைத்தால் கட்டைவிரல் ஒரு திசையிலும் மற்றவை வேறு திசையிலும் இருக்கும். பால்மரக் குளிர் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர் தைலம் கொடுத்தார். அது முடக்குவாதத்தின் முத்திரை என்று எனக்கு வந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

ஆகவே பரம்பரைக்கு ஒரு பங்கு உண்டு. வெள்ளணுக்களுக்குப் புரதத் துண்டுகளை ஏந்திக் காட்டும் எச்.எல்.ஏ. மூலக்கூறுகளில் சில வகைகளைப் பெற்றவர்களுக்கு இந்நோயின் வாய்ப்பு அதிகம். ஆனால் பரம்பரை மட்டுமே போதாது என்பதற்கு இரட்டையரே சாட்சி: மரபணு முழுதும் ஒத்த இரட்டையரில் ஒருவருக்கு முடக்குவாதம் வந்தால், மற்றவருக்கும் வருவது 100க்கு ஏறத்தாழ 15 இணைகளில்தான். மிச்சத்தைச் செய்வது வெளியுலகம். அதில் நன்கு நிறுவப்பட்டது சிகரெட். நுரையீரலில் புகை பட்ட இடத்தில் சில புரதங்களின் வேதியமைப்பு மாறி, சிட்ருலின் ஏறிய புரதங்கள் உண்டாகின்றன, எச்.எல்.ஏ. வகையும் ஒத்துப்போகும் ஒருவரில் அவற்றுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் தோன்றி, மூட்டு வலிப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பிருந்தே இரத்தத்தில் உலவக்கூடும். மலேசியாவில் நடந்த ஆய்வு ஒன்று, துணி ஆலைத் தூசியைச் சுவாசித்த பெண்களிடமும் இந்நோய் கூடுதலாக இருப்பதை 2016இல் காட்டியது. தோட்டத்திலிருந்து ஆலை பஸ்ஸில் ஏறிப் போன நம் அக்காமார்களை நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்று, நம்மவர்கள் அறிந்திருக்க வேண்டியது. இந்நாட்டின் மக்கள் தொகையில் இந்தியர் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. முடக்குவாதச் சிகிச்சை பெறுவோரைப் பற்றிய மலேசிய ஆய்வுகளிலோ நம் பங்கு அதைப்போல் பல மடங்கு காணப்படுகிறது. லூபஸில் இந்த விகிதம் அப்படி இல்லை. அங்கே சீனர்களிடையே அதிகம். ஏன் என்பதற்கு ஒற்றை விடை இல்லை. பெண்கள் அதிகம் என்பது மட்டும் இரண்டுக்கும் பொது: முடக்குவாதத்தில் ஓர் ஆணுக்கு இரண்டு, மூன்று பெண்கள்; லூபஸில் ஓர் ஆணுக்கு ஒன்பது பெண்கள் வரை.

26 அக்டோபர்

"கிருமியே இல்லாமல் உடம்பு ஏன் சண்டையைத் தொடங்க வேண்டும்?" என்பது நல்ல கேள்வி. சில நேரம் கிருமியோடு தொடங்கிய சண்டைதான் திசை மாறுகிறது.

இதற்குத் தெளிவான உதாரணம் என் வகுப்பிலேயே இருந்தது. ஒரு மாணவன் மாதம் ஒருமுறை பள்ளிக்கு வராமல், மறுநாள் இடுப்பைத் தேய்த்துக்கொண்டே வருவான். பென்சிலின் ஊசி. சிறு வயதில் ஸ்டிரெப்டோகாக்கஸ் கிருமியால் வந்த தொண்டைவலியைக் கவனிக்காமல் விட, அது ருமாட்டிக் காய்ச்சலாகி இதயத்தில் இறங்கியிருந்தது. அந்தக் கிருமியின் மேலுறைப் புரதமும் இதயத்தில் உள்ள சில புரதங்களும் ஒன்றுக்கொன்று ஒத்த அமைப்புடையவை. கிருமிக்கென்று தயாரான எதிர்ப்பொருள்களும் டி செல்களும் இதய வால்வைப் பிடித்துக்கொள்கின்றன. தொண்டை ஆறிய பிறகும் வால்வு தழும்பேறிச் சுருங்குகிறது. ஒவ்வொரு புதிய தொண்டைவலியும் பழைய தாக்குதலைக் கிளறும் என்பதால்தான், கிருமியே ஒட்டாமலிருக்க அந்தத் தொடர் ஊசி. ஊசிக்குப் பயந்து இடையில் நிறுத்திவிடும் பிள்ளைகள் உண்டு. அவன் பாட்டி விடவில்லை.

எல்லாத் தன்னெதிர்ப்பு நோய்க்கும் இப்படி ஒரு கிருமியைக் கைகாட்ட முடியாது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய்க்கும் எப்ஸ்டீன்-பார் வைரசுக்கும் உள்ள தொடர்பை, அமெரிக்கப் படையினர் ஒரு கோடிப் பேரின் பதிவுகளை வைத்து 2022இல் நிறுவினார்கள். அந்த வைரஸ் தொற்றிய பிறகு நோயின் வாய்ப்பு 32 மடங்கு உயர்ந்தது. ஆனால் அந்த வைரஸ் பெரியவர்களில் பெரும்பாலோரின் உடம்பில் இருக்கிறது, அவர்களில் மிகச் சிலருக்கே நோய் வருகிறது.

29 அக்டோபர்

தம்பியின் அம்மாவுக்குச் சோதனை முடிவு வந்துவிட்டது: ருமட்டாய்டு ஃபேக்டர் என்ற எதிர்ப்பொருள் இருக்கிறது, சிட்ருலின் ஏறிய புரதங்களுக்கு எதிரான சி.சி.பி. எதிர்ப்பொருளும் உயர்ந்திருக்கிறது. நிபுணர் முடக்குவாதம் என்று உறுதி செய்து மெத்தோடிரெக்சேட் என்ற மாத்திரையைத் தொடங்கியிருக்கிறார்.

முதலில், இதை வாசித்துவிட்டுத் தாமாகச் சோதனைக்கூடத்துக்குப் போய் இரத்தம் கொடுக்க நினைப்பவர்களுக்கு: ருமட்டாய்டு ஃபேக்டர் ஆரோக்கியமான முதியவர்களிடமும் தென்படும், லூபஸுக்குப் பார்க்கும் ஏ.என்.ஏ. சோதனையும் அப்படியே. சி.சி.பி. அவ்வளவு எளிதில் ஏமாற்றாது. கையில் அறிகுறி இல்லாமல் தாளில் மட்டும் பாசிட்டிவ் என்று வருவதை வைத்துக்கொண்டு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

இனி அம்மாவுக்கு. அந்த மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள், தினமும் அல்ல. சிறிய மஞ்சள் மாத்திரைதானே என்று தினமும் விழுங்கினால் எலும்பு மச்சையில் இரத்த உற்பத்தியே நின்று உயிருக்கு ஆபத்தாகும். உலகெங்கும் இந்தத் தவற்றால் மரணங்கள் நேர்ந்திருக்கின்றன. நாட்காட்டியில் ஒரு கிழமையைச் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். நான் வேலையில் இருந்தபோது வெள்ளி இரவைத் தேர்ந்தெடுத்தேன், ஏனென்றால் மறுநாள் வரும் சோர்வை வகுப்பில் முப்பது பிள்ளைகளோடு பகிர்ந்துகொள்ள வேண்டியதில்லை. கூடவே தரும் ஃபோலிக் அமிலத்தை விட்டுவிடக் கூடாது. வாய்ப்புண்ணையும் குமட்டலையும் குறைப்பது அதுதான். கல்லீரலுக்கும் இரத்த அணுக்களுக்கும் அவ்வப்போது சோதனை இருக்கும், தவறவிட வேண்டாம். பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும் என்பதால், முதல் மாதத்திலேயே "ஒன்றும் கேட்கவில்லை" என்று நிறுத்தத் தோன்றும்.

பக்கத்து வீட்டில் யாராவது "அது புற்றுநோய் மருந்தாயிற்றே" என்று சொல்வார்கள். ஆம், அதிக அளவில் அதற்கும் தருகிறார்கள். முடக்குவாதத்துக்கு வாரம் 7.5 முதல் 25 மி.கி. வரையே. எனக்குச் சொன்னவர் என் சொந்தச் சித்தி; காதில் வாங்கிக்கொண்டு, காப்பி போட்டுக் கொடுத்து அனுப்பினேன். சம்சு (சாராயம்), பீர் பழக்கமுள்ள ஆண்கள் யாருக்காவது இந்த மாத்திரை எழுதப்பட்டால் மருத்துவரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். கல்லீரலிடம் பொய் சொல்ல முடியாது. பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண்களும் முன்கூட்டியே சொல்ல வேண்டும், கருவுக்கு இம்மருந்து ஆகாது.

2 நவம்பர்

லூபஸ் உள்ள மகளுக்கு மலேரியா மாத்திரை கொடுத்திருக்கிறார்களே, தவறாக எழுதிவிட்டார்களா என்று கேட்கும் தாய்க்கு: தவறு இல்லை அம்மா. ஹைட்ராக்சிகுளோரோகுயின் அதே குடும்பத்து மருந்துதான்.

இந்த ஊர்களில் இதற்கு ஒரு பழைய பந்தம் உண்டு. ரப்பருக்காகக் காடழித்த காலத்தில் மலாயாத் தோட்டங்களில் நம் முன்னோர்கள் கூட்டம் கூட்டமாக மலேரியாவில் மாண்டார்கள். கிள்ளானில் மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் 1901இலிருந்து சதுப்புகளை வடித்துக் கொசுவைக் குறைக்கும் வேலையில் இறங்கினார். தோட்டங்களில் பெரட்டின்போதே கொயினா (குயினின் மருந்து) கொடுத்து, விழுங்கிய பிறகு வாயைத் திறந்து காட்டச் சொல்வார்கள் என்று என் தாத்தா முகத்தைச் சுளித்துக்கொண்டு சொல்வார். அந்தக் கொயினாவை 1894லேயே லண்டனில் பெயின் என்ற மருத்துவர் லூபஸ் தோல்புண்ணுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார். இரண்டாம் உலகப்போரில் வேறொரு மலேரியா மருந்தான மெப்பகிரின், படைவீரர்களின் தோலை மஞ்சளாக்கியது; 1951இல் பேஜ் என்பவர் அதையே லூபஸ் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பலன் கண்டு எழுதினார். பிறகு அதைவிடப் பக்கவிளைவு குறைந்த ஹைட்ராக்சிகுளோரோகுயின் வந்தது. அது நோயெதிர்ப்புச் செல்களின் உட்பைகளில் தங்கி, அங்குள்ள அமிலத்தன்மையைக் குறைத்து, சொந்த மரபுப்பொருளைக் கண்டு எழும் அபாயக் குறிப்பை மட்டுப்படுத்துகிறது.

நாளொன்றுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 5 மி.கி. என்ற எல்லையைத் தாண்டக் கூடாது. நீண்ட நாள் எடுத்தால் விழித்திரையைப் பாதிக்கலாம் என்பதால், தொடக்கத்தில் ஒரு கண் பரிசோதனையும், ஐந்தாண்டுக்குப் பிறகு ஆண்டுதோறும் ஒன்றும் தேவை. மகளுக்குச் சிறுநீரகக் கோளாறு இருந்தால் இன்னும் முன்னதாகவே தொடங்குவார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். 2020இல் கோவிட்டுக்கு இது அருமருந்து என்று புரளி கிளம்பி, உலகின் பல இடங்களில் லூபஸ் நோயாளிகள் மருந்தில்லாமல் அலைந்தார்கள். கோவிட்டை அது குணப்படுத்தவும் இல்லை.

மகள் வெயிலில் போவதைக் குறைக்கட்டும். புற ஊதாக் கதிர் தோல் செல்களைக் கொன்று, நான் 11ஆம் தேதி எழுதிய அந்தக் குப்பையை அதிகரிக்கிறது.

5 நவம்பர்

நோபல் பரிசு பெற்ற செல்களை ஈப்போவில் ஏற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டவர் விளையாட்டாகக் கேட்டாரா என்று தெரியவில்லை. ஒழுங்குபடுத்தும் டி செல்களை வளர்த்து உடம்பில் செலுத்தும் முறை இன்னும் ஆய்வுக்கட்டத்திலேயே இருக்கிறது. அப்படி ஒன்று விலைக்கு இருப்பதாக யாராவது துண்டறிக்கை நீட்டினால், தம்பி வீட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள்.

இதற்குள் நடைமுறைக்கு வந்தவை வேறு. டி.என்.எஃப். என்ற அழற்சிப் புரதத்தைத் தடுக்கும் ஊசியை 1992இல் லண்டனில் ஃபெல்ட்மன், மைனி என்ற ஆய்வாளர்கள் முடக்குவாத நோயாளிகளுக்கு முதன்முதலாகக் கொடுத்தார்கள்; மெத்தோடிரெக்சேட்டுக்கு அடங்காதவர்களுக்கு இன்று அது தரப்படுகிறது. அதே புரதம்தான் நுரையீரலில் உறங்கும் காசநோய்க் கிருமியைக் கட்டி வைத்திருப்பதால், ஊசிக்கு முன் காசநோய்ச் சோதனை கட்டாயம். வீட்டில் எப்போதோ யாருக்காவது காசநோய் இருந்திருந்தால் வெட்கப்படாமல் சொல்லிவிட வேண்டும்.

லூபஸுக்கு ஜெர்மனியின் எர்லாங்கனில் நடந்தது இதைவிடப் பெரிது. எந்த மருந்துக்கும் கட்டுப்படாத ஐந்து நோயாளிகளின் டி செல்களை எடுத்து, எதிர்ப்பொருள் சுரக்கும் பி செல்களின் பரம்பரையையே தேடி அழிக்கும்படி மாற்றித் திருப்பிச் செலுத்தினார்கள். ஐவரும் மற்ற மருந்துகளை விட்டும் நோயின்றி இருந்ததாக 2022இல் வெளியானது. சில மாதங்களில் புதிய பி செல்கள் திரும்பி வந்தன, பழைய தாக்குதல் திரும்பவில்லை. 2024இல் வெளியான அடுத்த அறிக்கையில் வேறு இரு தன்னெதிர்ப்பு நோய் உள்ளவர்களையும் சேர்த்து 15 பேர். எண்ணிக்கை சிறியது, செலவு மிகப் பெரியது, கண்காணித்த காலமும் குறைவு.

தம்பி, அம்மாவுக்கு அடுத்த இரத்தச் சோதனை எந்தத் தேதி என்று எழுதவில்லையே. மாத்திரை தொடங்கிய முதல் சில மாதங்கள் அது அடிக்கடி இருக்கும். தோட்டத்தில் விடுப்புச் சீட்டு முன்கூட்டியே கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.